எம் டிரைவ் மேளம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையைத் திறந்த பவானேஸ்வரி, கூட்டிக்கொண்டே கேட்கலாமே என்று கம்ப்யூட்டரில் கல்யாண மேளத்தைத் தட்டினாள். சங்கு ஊதியது. பின்னாலேயே சாவு மேளம் பிடித்துக்கொண்டது. துடைப்பம் கை நழுவி விழுந்தது.

ஜாசினில் அப்துல் கஃபார் நானாவின் மைக் செட் கடை நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒன்றுதான். கேசட்டுகளில் கிடந்த அத்தனையும் இந்த வருஷம் கம்ப்யூட்டருக்குள் ஏறிவிட்டன. பாட்டுகள் குடியிருப்பது பின்னறைப் பெரிய கம்ப்யூட்டரில். கடையில் எந்தக் கம்ப்யூட்டரில் யார் திறந்தாலும் 'எம் டிரைவ்' என்று அதே பாட்டுகள்தான் வரும். தமிழில் பெயர் அடிக்க வழியில்லாததால், கல்யாணத்துக்குக் 'காவின்', சாவுக்கு 'மாத்தி' என்று மலாயில் இரண்டு ஃபோல்டர். இரண்டிலும் மேளங்களுக்குப் பெயர் வெறும் ஒன்று, இரண்டு, மூன்று. இந்த அழகில் அடுக்கி வைத்த மகராசி பவானியேதான்.

நேற்று புதிதாக வந்த சாவு மேளங்களை 'மாத்தி'யில் சேர்க்கப்போனவள், பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் 'காவின்'மேல் போட்டுவிட்டாள். இதே பெயரில் ஏற்கெனவே இருக்கிறதே, மாற்றிவிடட்டுமா என்று கம்ப்யூட்டர் மரியாதையாகத்தான் கேட்டது. எல்லாவற்றுக்கும் சரி என்று ஒரே அமுக்கு. கல்யாண மேளம் அழிந்து, அதன் பெயரிலேயே சாவு மேளம் உட்கார்ந்துவிட்டது.

அதன் பிறகு அதே 'காவின்'இலிருந்து கேசட் பதிந்த மைக் செட் ஆள் நல்லமுத்து அண்ணன், விடிந்ததும் நியாலாஸ் எஸ்டேட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். பதியும்போது சத்தத்தை அடக்கி வைப்பது கடை வழக்கம். நாள் முழுக்க மேளம் கேட்டால் யாருக்குத்தான் தலை வலிக்காது? அங்கே கோயிலில் கலைமகள் என்ற பெண்ணுக்கு இன்று தாலி. நாதஸ்வரக்காரர் கிடையாது. குருக்கள் விரலை ஆட்டினால் கேசட்டைத் தட்டவேண்டியதுதான்.

தாலி ஏறும் நேரத்தில் சங்கு ஊதினால் அந்தப் பெண்ணின் கதி என்ன? நாளைக்கு மாப்பிள்ளைக்குத் தலைவலி வந்தால்கூட அந்தச் சங்கைத்தான் சொல்வார்கள்.

எஸ்டேட் கோயிலில் தொலைபேசி இல்லை. நானாவிடம் கைத்தொலைபேசி இருந்தது. பாதி நம்பரைத் தட்டியவள் வைத்துவிட்டாள். நானா கத்தினால் பக்கத்துக் காப்பிக் கடை வரைக்கும் கேட்கும். யாருக்கும் தெரியாமல் முடித்துவிடலாம் என்று ஓடிப்போய் டாக்சி பிடித்தாள்.

"செபாட்லா பாக்சிக், செபாட்!" என்று சீக்கிரம் போகச் சொல்லி மலாய்க்கார டிரைவரைப் பிடுங்கி எடுத்தாள். முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி வழிவிடாமல் ஊர்ந்தது. தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டாள்.

கோயில் மண்டபத்துக்குள் நுழையும்போது எல்லோரும் அட்சதையோடு எழுந்து நின்றிருந்தார்கள். மாப்பிள்ளை கையில் தாலி. குருக்களின் விரல் மேலே எழும்ப, நல்லமுத்து அண்ணனின் விரல் பட்டனுக்குப் போனது. பவானி பாய்ந்து சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினாள்.

"கரண்ட் போயிருச்சு! கொலவ போடுங்கம்மா, கொலவ!"

பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ சாப்பாட்டுத் தட்டைக் கரண்டியால் தட்டினார்கள். அந்தச் சத்தத்திலேயே தாலி ஏறியது. பவானி சுவரோரம் உட்கார்ந்து அழுதாள்.

வெளியே வேனருகில் அவள் விஷயத்தைச் சொன்னதும் நல்லமுத்து அண்ணன் பதறிக் கேட்டார்.

"அப்ப அந்த இன்னொரு கேசட்டு?"

"எந்தக் கேசட்டுண்ணே?"

"கோலா சுங்கை பாருல ஒரு கல்யாணம், நேத்து நீ போனப்புறம் வந்துச்சுலா. நானாவே பதிஞ்சு எடுத்துட்டுப் போயிருக்காரு. எல்லாம் அந்த எம்முலேருந்துதானம்மா எடுக்கறோம்?"

எஸ்டேட் மளிகைக் கடை வாசலில் பொதுத் தொலைபேசி இருந்தது. காசைப் போட்டு நானாவின் கைத்தொலைபேசி நம்பரைத் தட்டினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தார்.

"யாரு? பவானியா? சத்தமா பேசு புள்ள, இங்க ஒரே கூட்டம்."

"நானா, கேசட்டப் போடாதீங்க! நானா!"

"ஒண்ணும் கேக்கலலா. குருக்கள் கூப்பிடறாரு. இரு, மேளத்தப் போட்டுட்டு வந்துடறேன்."

பட்டன் விழும் சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. அப்புறம் சங்கு ஊதியது.