கசிகிறதா, கொட்டுகிறதா?

1

இது கதையாகத் தொடங்கவில்லை, வாசகரே. உள்ளே இருக்கவேண்டிய நீர் வெளியேறுவதற்கு ஆங்கிலத்தில் எத்தனை சொற்கள், எதை எங்கே போடுவது என்று ஒரு குட்டிக் கட்டுரை எழுத உட்கார்ந்தேன். எடுத்துக்காட்டுச் சொல்ல ஓர் ஆங்கில வாத்தியார் தேவைப்பட்டார். வாத்தியாருக்கு ஒரு வீடு தேவைப்பட்டது. அந்த வீட்டுக்குள் நிறைமாத மனைவி எப்படி வந்தாள் என்பது சத்தியமாக எனக்குத் தெரியாது. வந்துவிட்டாள், இனி அனுப்ப முடியாது.

2

அன்று வாத்தியார் பலகையில் 'லீக்' என்று எழுதிவிட்டு மாணவர்களைப் பார்த்து

(வேண்டாம். வகுப்பில் தொடங்கினால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள்.)

குளியலறைக் கதவைத் திறந்துகொண்டு அவள் கூப்பிட்டாள். "ஏங்க, ஒரே ஈரமா இருக்கு. பனிக்குடம் உடைஞ்சிருச்சோன்னு பயமா இருக்கு."

வாத்தியார் மருத்துவமனைக்குப் போன் போட்டார். எடுத்த செவிலிக்குத் தமிழ் தெரியாது. லீக் ஆகிறதா, கஷ் ஆகிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இந்தச் சொற்களெல்லாம் வாத்தியாருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் எதைச் சொல்வதென்று மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

3

(இங்கே என் கட்டுரை தலைநீட்டுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். அடைத்து வைத்தது ஓட்டை வழியாக வந்தால் லீக். ஓட்டையே தெரியாமல் சுவரிலோ துணியிலோ ஊறி வந்தால் ஸீப். புண்ணில் சீழ் மாதிரி கெட்டியாக மெல்லக் கசிந்தால் ஊஸ். பாத்திரம் சரிந்து சிந்தினால் ஸ்பில். பீறிட்டுக் கொட்டினால் கஷ்.)

4

வாத்தியார் போனைக் கையால் பொத்திக்கொண்டார். "சொட்டுதா, வழியுதா? சரியா சொல்லும்மா. நான் ஒண்ணு கிடக்க ஒண்ணு சொல்லிட்டா அவங்க தப்பா முடிவு பண்ணிடுவாங்க."

"நின்னா வழியுது, உக்காந்தா நின்னுடுது. அதுக்கு என்ன வார்த்தையோ அதைச் சொல்லுங்க."

அவர் லீக் என்றார், உடனே இல்லை என்றார், வேறொன்றை எடுத்தார், அதையும் திருத்தினார்.

இப்படியும் ஒரு மனிதனா என்று எனக்கே சந்தேகம் வந்தது. கதையிலிருந்தே அடித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் பயந்தவன் தனக்குத் தெரிந்ததைத்தான் பிடித்துக்கொள்வான். இவருக்குத் தெரிந்தது சொல் மட்டும்தான், பாவம்.

செவிலி குறுக்கிட்டார். எதுவாக இருந்தாலும் உடனே கிளம்பி வாருங்கள் என்றார். பிறகு, குழந்தை கடைசியாக எப்போது அசைந்தது என்று கேட்டார்.

5

ஆக, எந்தச் சொல்லைச் சொல்லியிருந்தாலும் பதில் ஒன்றுதான். அவள் ஈரத் தரையில் நின்றுகொண்டிருக்க, நான் உங்களுக்கு ஸீப்புக்கும் ஊஸுக்கும் வித்தியாசம் சொல்லிக்கொண்டிருந்தேன். வாத்தியாரைத் திட்ட எனக்கு வாயில்லை.

முடிவு அ: காரில் போகும்போது குழந்தை ஓங்கி உதைக்க, அவள் வலியோடு சிரிக்கிறாள்.

முடிவு ஆ: மருத்துவர் ஸ்கேன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா

(மாட்டேன். இதை எழுத மாட்டேன்.)

வாத்தியார் அதைக் கேட்டதும், "காலைல புரண்டுச்சு. அப்புறம்... இருங்க, பேசாதீங்க" என்று அவள் வயிற்றில் கைவைத்தாள்.

வாத்தியார் போனை மறுபடி பொத்திக்கொண்டார். செவிலி காத்திருக்கிறார். அடுத்த வரி உங்களுடையது. நல்ல சொல்லாகத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். அசைந்தது என்று எழுதுங்கள், சீக்கிரம்.