கொஞ்சம் நீண்ட பேச்சு

கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டையை இரு கைகளிலும் ஏந்தியபடி சலவைக்காரி கெசியா மாடியேறியபோது, ஹைரம் ஸ்டட்லி கண்ணாடி முன் நின்று தன் பேச்சை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நாடாளுமன்ற உறுப்பினரான அவர் வாஷிங்டனிலிருந்து ஊர் வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. ஊரே அவரைத் தலையில் வைத்துக் கூத்தாடியது. மதியம் நகர மன்றத்தில் விருந்து. அடுத்த வருஷம் அவர் செனட்டர் ஆகிவிடுவார் என்று ரொட்டிக்கடைக்காரன்கூடச் சொன்னான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் முழங்கை தேய்ந்த கோட்டோடு அலைந்த சின்ன வக்கீல். 'கெசியா என் அடிமை' என்று ஆற்றுக்கு அக்கரையில், அடிமைமுறை இருந்த கென்டக்கியிலிருந்து உரிமை கொண்டாடி வந்தவனை அந்தக் கோட்டோடுதான் மூன்று நாள் வாதாடி மடக்கினார். அந்த வழக்கு அவர் பெயரை மாவட்டம் முழுக்கக் கொண்டுபோனது. பிறகு அவர் ஏறிய ஒவ்வொரு படியையும் கெசியா தன் வீட்டு விசேஷம் போலப் பார்த்தாள். அவர் சட்டைகளை வேறு யார் கையிலும் விட்டதில்லை.

ஆனால் போன மாதம் ஒரு சட்டம் வந்திருந்தது. தப்பி வந்த அடிமைகளை இந்தக் கரையிலும் புகுந்து பிடித்துப் போகலாம். பிடிபட்டவன் தனக்காக ஒரு வார்த்தை சாட்சி சொல்ல முடியாது. கெசியாவிடம் அவள் அடிமை இல்லை என்ற கோர்ட்டுப் பத்திரம் இருந்தது. ஏழு வருஷம் முன்பு ஆற்றை நீந்திக் கடந்து வந்த அவள் புருஷன் லெவியிடம் எதுவும் இல்லை. அது ஊரில் மூன்று பேருக்குத்தான் தெரியும். ஸ்டட்லி அதில் ஒருவர்.

சட்டையை நாற்காலியில் விரித்துவிட்டும் அவள் போகவில்லை.

"அந்தச் சட்டத்துக்கு நீங்களும் ஓட்டுப் போட்டீங்களாய்யா?"

"போட்டேன்." அவர் திரும்பவில்லை. "இல்லேன்னா நாடு ரெண்டாப் போயிருக்கும், கெசியா."

"எங்க வீடு ரெண்டாப் போனா?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டார். கழுத்துப் பொத்தான் துளையில் ஏற மறுத்தது. வழக்கமாக அவள்தான் உதவுவாள். இன்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"லெவி இன்னும் பீப்பாய்ப் பட்டறையிலதானா?"

"ஏன் கேக்குறீங்க?"

"கென்டக்கிலேருந்து ரெண்டு பேர் வந்திருக்காங்க. விருந்துல முன்வரிசை. முடிஞ்சதும் பட்டறையைப் பாக்கணுமாம்." தொண்டையைச் செருமினார். "நான் பேசி முடிக்கிறவரை எந்திரிக்க மாட்டாங்க. மரியாதை இல்லையே."

"எவ்வளவு நேரம் பேசுவீங்க?"

"எழுதி வச்சது அரை மணி. கொஞ்சம் நீட்டலாம்."

இன்னும் ஒரு வார்த்தை வரும் என்று அவள் நின்று பார்த்தாள். அவர் கோட்டைத் தேடினார்.

ஊர்க்கோடியிலிருந்த வீட்டுக்கு ஓடி ரொட்டியையும் லெவியின் கம்பளிச் சட்டையையும் மூட்டை கட்டினாள். பட்டறையை எட்டியபோது மன்றத்துப் பக்கமிருந்து கைதட்டல் கேட்டது. வாசலில் முதலாளி ஓபேட் மரச்சுருளைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"லெவியா? விருந்துல ஆப்பிள் சாறு பத்தலைன்னு ஆள் வந்தான். ரெண்டு பீப்பாயோட அனுப்பிட்டேன்." சிரித்தார். "இன்னைக்கு உன் புருஷன் பெரிய மனுஷங்க சகவாசம்."

நகர மன்றத்தின் பக்கத்து ஜன்னலில் அவள் முகம் பதித்தபோது உள்ளே இருநூறு தலைகள் தெரிந்தன. மேடையில் ஸ்டட்லி பேசிக்கொண்டிருந்தார். அரை மணி எப்போதோ தாண்டியிருக்க வேண்டும். தாளில் இல்லாததைப் பேசினார், சொன்னதையே சொன்னார், குரல் கரகரத்தது. முன்வரிசையில் கென்டக்கிக்காரர்களில் ஒருவன் கொட்டாவி விட்டான். கடைசி மேசைக்கு அருகே, மேடைக்கு முதுகு காட்டிக் குனிந்து, லெவி இரண்டாவது பீப்பாய்க்குக் குழாய் பொருத்திக்கொண்டிருந்தான்.

ஸ்டட்லியின் கண் அவன்மேல் விழுந்தது. பிறகு ஜன்னலுக்கு வந்தது. ஒரு வாக்கியம் பாதியில் நின்றது. அந்த அமைதியில், கொட்டாவி விட்டவன் காலிக் கோப்பையைத் தூக்கிப் பிடித்தபடி, சாறு ஊற்ற ஆள் தேடி மெல்லப் பின்பக்கம் திரும்பினான்.