நாய்க்குப் போட்ட எலும்பு

அன்று காலை ஸ்டுடியோவின் திரையிடும் அறையில் இருந்தவர்கள்: தயாரிப்பாளர் மோ ஸெல்னர், தணிக்கை அலுவலகத்திலிருந்து வந்த பீச்சம், படத்தை வெட்டி ஒட்டிய ஓபல், கதை எழுதிய லியோனா, மேலே படம் ஓட்டுகிற கஸ். லியோனாவின் தம்பி நேட் இல்லை. போன வசந்தத்தில், ஜார்ஜியாவில், ராணுவப் பயிற்சிக் குதிப்பில் அவனுடைய பாராசூட் திறக்கவில்லை. தந்தியில் 'விபத்து' என்று போட்டிருந்தது. யாரை விசாரித்தும் அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை.

படம் சிரிப்புப் படம்தான். யுத்தத் தட்டுப்பாட்டில் கல்யாண உடுப்புக்குப் பட்டு கிடைக்காத பணக்காரப் பெண் ஒருத்தி, தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து பாராசூட் துணியைத் திருடுகிறாள். நடுவில் ஓர் இடத்தில் மட்டும் சிரிப்பு கிடையாது. தையல் மெஷினில் இருப்பவள் தலை நிமிராமல் சொல்கிறாள்: "போன வாரம் ஒண்ணு திறக்கலியாம். யாரு தைச்சதுன்னு எவனும் கேக்கலை. நானும் சொல்லலை."

அந்த மூன்று வாக்கியத்துக்காகத்தான் லியோனா மற்ற எல்லாவற்றையும் எழுதினாள்.

அவற்றைக் காப்பாற்ற அவள் ஹாலிவுட்டின் பழைய தந்திரத்தைக் கையாண்டிருந்தாள். தணிக்கைக்காரர் வெட்டுவதற்கென்றே ஓர் அசிங்கத்தை உள்ளே வைப்பார்கள். அதற்கு எலும்பு என்று பெயர். அதைக் கவ்விக்கொண்டு போகிறவர் கறியைத் தொடமாட்டார். லியோனாவின் எலும்பு குளியல் தொட்டி. கதாநாயகியும் மாலுமியும் ஒரே தொட்டிக்குள். வெளியே கதவைத் தட்டியபடி பாதிரியார்.

படம் முடிந்து விளக்கு எரிந்தபோது பீச்சம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தொட்டி இருக்கே! சிரிச்சுச் சிரிச்சு வயிறு புண்ணாப் போச்சு, மோ. நுரைதான் கழுத்து வரைக்கும் இருக்கே. இருந்துட்டுப் போகட்டும்."

"அது ஆபாசம், சார்," என்றாள் லியோனா.

"எழுதினவளே சொல்றா பாரு!" மோ பாதிச் சுருட்டைக் கடித்தார். "வாயை மூடும்மா, தாயே."

"ஆனா அந்தத் தையல்காரி வேண்டாம்," என்றார் பீச்சம். "காகிதத்துல படிச்சப்போ ஒண்ணும் தெரியலை. இப்போ நல்லாச் சிரிச்சிட்டிருக்கேன், திடீர்னு நெஞ்சுல மிதிச்ச மாதிரி இருக்கு. அந்தத் தொட்டி மட்டும் இல்லேன்னா எனக்கு இவ்வளவு உறைச்சிருக்காது."

லியோனா அவர் பக்கம் திரும்பினாள். "அப்ப தொட்டியை வெட்டிடுங்க. இதை விட்டுடுங்க."

"பைத்தியமா உனக்கு?" என்றார் மோ. "மனுஷன் சும்மா குடுத்ததைத் திருப்பிக் குடுக்கறியே! டிக்கெட்டு விக்கறதே அந்தத் தொட்டிதான்."

யாரிடமும் சொல்வதில்லை என்று வைத்திருந்ததை அவள் சொன்னாள்.

"என் தம்பிக்குத் திறக்கலை, சார்."

ஓபல் தலை குனிந்துகொண்டாள். பீச்சம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கெட்ட மனிதர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா," என்றார். "அப்ப உங்களுக்கே தெரியுமே. பையனைச் சண்டைக்கு அனுப்பிட்டு, கொஞ்ச நேரம் மறந்திருக்கலாம்னு ஒரு அம்மா தியேட்டருக்கு வர்றா. அவகிட்டப் போயி இதைச் சொல்லலாமா?"

லியோனாவின் அம்மாவும் அப்படித்தான் வாராவாரம் தியேட்டருக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"வெட்டினதை என்ன பண்றது?" ஓபல் மெதுவாகக் கேட்டாள்.

"உருக்கறவங்களுக்கு அனுப்பு. ஃபிலிம்ல இருக்கற வெள்ளி யுத்தத்துக்கு ஆகும்," என்றார் மோ. "கஸ், தொட்டியை இன்னொரு வாட்டி போடுப்பா!"

விளக்கு அணைந்தது. லியோனா கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். திரையில் பாதிரியார் கதவைத் தட்டினார். பீச்சம் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. சிரித்துவிட்டார்.

படம் ஓடுகையில் எவரும் உள்ளே வரக்கூடாது என்பது மோவின் சட்டம். லியோனா வெளியே கால் வைத்ததும் ஓபல் கதவைச் சாத்தி, உள்ளிருந்து பூட்டினாள்.