தார் ரோட்டில் ஒரு என்ஜின் டிரைவர்

1

கட்டுரை எழுதத்தான் ஐயா உட்கார்ந்தேன். ரயிலுக்கும் லாரிக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு பத்திரிகைக்காரர் கேட்டிருந்தார். ரயில் சக்கரத்தின் உள்விளிம்பில் ஒரு வரம்பு உண்டு. அது தண்டவாளத்தை விட்டு விலக விடாது. வளைவில் பாதைதான் வண்டியைத் திருப்பும். டிரைவருக்கு வேகம், பிரேக், ஊதல், அவ்வளவே. லாரியைத் திருப்புவது மனிதனின் கை. லாரிக்காரர்கள் அதை ‘ஒடிப்பது’ என்பார்கள்.

[இந்த இடத்தில் கிஃபாயத்துல்லா என்றொரு டிரைவர் என் மனசுக்குள் வந்து தொலைந்தார். கட்டுரை குட்டிச்சுவராகப் போயிற்று.]

2

1954. செங்கல்பட்டில் என்ஜின் ஓட்டிய கிஃபாயத்துல்லா, வெளியூர் மாற்றல் பிடிக்காமல் ரயில்வேயை விட்டுவிட்டு, மனைவியின் அண்ணன் நூர்முகமதுவின் லாரியில் சவுக்குக்கட்டை ஏற்றிக்கொண்டு மாமல்லபுரத்துச் சாலையில் வந்த ஓர் அழகிய மாலை—

(அழகிய மாலையாம்! மண்ணாங்கட்டி.)

மொட்டை வெயில். மீன்கூடையோடு முனியம்மா குறுக்கே வந்துவிட்டாள். கிஃபாயத்துல்லா ஹாரன் அடித்தார், பிரேக்கை மிதித்தார். என்ஜினிலேயே ஊறிய உடம்பு, அதோடு தன் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டது. லாரி நேராகவே போயிற்று. இரண்டு பக்கமும் வெறும் மணல்.*

* முன்பு ஒருமுறை அவர் ரயிலில் ஆள் அடிபட்டபோது, ஏன் திருப்பவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அழுதார், ஆனால் தூங்கினார்.

3

அவரை ஒடிக்க வைத்தும் எழுதிப் பார்த்தேன். லாரி மணலில் புதைந்தது. முனியம்மா வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுச் சந்தைக்குப் போனாள். படிக்க நன்றாகத்தான் இருந்தது. பொய். கிழித்துப் போட்டேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

4

ஆஸ்பத்திரி வாசல். முனியம்மா பிழைக்கவில்லை. பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடும்படி நூர்முகமது காதில் ஓதிவிட்டுப் போயிருக்கிறார். அவள் புருஷன் காசிநாதன் வருகிறான். அடிப்பான் என்றுதான் கிஃபாயத்துல்லா நினைத்தார். அடித்திருந்தால் தேவலை.

“இன்னா பாய், ரெண்டு பக்கமும் அம்மாம் எடம் கெடந்துச்சே. கொஞ்சம் ஒடிச்சிருக்கக் கூடாதா?”

பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னால், காசிநாதன் தலையெழுத்து என்று அழுதுவிட்டு வீட்டுக்குப் போவான். கிஃபாயத்துல்லா அந்தப் பொய்யோடு காலம் தள்ள வேண்டும். ஒடிக்கலாம் என்றே தோன்றவில்லை என்ற உண்மையைச் சொன்னால் ஜெயில். அது போகட்டும், தன் பெண்டாட்டி சாகாமல் இருந்திருக்கலாம் என்பது காசிநாதனைச் சாகிறவரை அரிக்கும். இரண்டையும் எழுதினேன். இரண்டிலும் அவன் முகத்தை எழுத எனக்குத் தெம்பில்லை.

“சொல்லு பாய்.”

கிஃபாயத்துல்லா என்னைப் பார்க்கிறார். நான் பேனாவை மூடிவிட்டேன். காசிநாதன் வாசலிலேயே நிற்கிறான்; நீங்கள்தான் அவனுக்கு ஏதாவது சொல்லி அனுப்ப வேண்டும்.