ஏழு மணி நேரத்து எண்ணெய்

ஞானதாஸ் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதே நாற்பது வயசுக்கு மேல். ஒரு கடுதாசியை நாலு தரம் படித்தால்தான் அவனுக்கு நம்பிக்கை வரும். மகள் பவளம் எழுதியதை இன்றைக்கு ஆறாவது தரம் படித்தான். மெட்ராஸில் ஒரு டாக்டர் வீட்டில் பிள்ளை பார்த்துக்கொள்கிறவள், அந்தக் குடும்பத்தோடு இன்றைக்கு ஏரோப்ளேனில் சிங்கப்பூர் போகிறாள்.

'ஆயிரத்து எண்ணூறு மைல் அப்பா. ஏழு மணி நேரம்தான் பறக்குமாம். காலை எட்டுக்குக் கிளம்பி, அங்கே சாயங்காலம் அஞ்சுக்கு இறங்கிடுவோம்.'

விரல் விட்டு எண்ணினான். எட்டிலிருந்து அஞ்சு, ஒன்பது. திரும்ப எண்ணினான். ஒன்பதேதான்.

மானாம்பதி ரோட்டோரம் தாண்டவராயன் கழனியில் ஆயில் இன்ஜின் ஓட்டுகிறவன் அவன். மணிக்கு இவ்வளவு என்று எண்ணெயை அளந்து ஊற்றுவான். அளந்தது தீர்ந்தால் இன்ஜின் ரெண்டு தரம் இருமிவிட்டு நின்றுவிடும். கிணற்று மேட்டில் நின்றால் போகிறது. ஏழு மணி நேரத்து எண்ணெயோடு ஒன்பது மணி நேரம் கடலுக்கு மேலே போனால்?

கூழ் கொண்டுவந்த பெண்டாட்டி செங்கேணியிடம் சொன்னான்.

"இன்னாய்யா நீ! அத்தினி பெருசை ஓட்றவனுக்கு எண்ணெ அளக்கத் தெரியாதா?"

"எனக்கும்தான் தெரியும். போன மாசம் பாதித் தண்ணியில நின்னுபூட்ச்சே?"

அவள் சிரிக்கப் போனவள் சிரிக்கவில்லை. "எப்போ தீரும்?"

"மூணுக்கு."

பன்னிரண்டுக்கு இன்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டு தாண்டவராயன் உத்திரமேரூர் போயிருந்தார். பன்னிரண்டும் ஆனது. ஞானதாஸ் கை வைத்தான், நிறுத்த வரவில்லை. இது நின்றால் அந்த ஏரோப்ளேனும் நின்றுவிடும் என்று பட்டது. எண்ணெய் ஊற்றினான். தண்ணீர் வரப்பைத் தாண்டிப் போனது. வாலாஜாபாத் மூணு மணி பஸ் புழுதி கிளப்பிப் போனது. மறுபடி ஊற்றினான்.

"டேய்! நாத்தெல்லாம் மெதக்குது, கண்ணு அவிஞ்சிபூட்ச்சா? நிறுத்துடா!" தாண்டவராயன் செருப்பை உதறிவிட்டு ஓடிவந்தார்.

"அஞ்சு வரைக்கும் நிக்கக் கூடாது ஆண்டே. எம் பொண்ணு வானத்துல கீது."

திக்கித் திக்கி எல்லாம் சொன்னான். அவருக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

"அட பைத்தியக்காரா, அந்த ஊர்ல நமக்கு முன்னாடியே பொழுது விடியுது. கடியாரம் ரெண்டு மணி முந்தி ஓடும். அங்க அஞ்சுன்னா இங்க மூணு. உம் பொண்ணு இந்நேரம் எறங்கி டீ குடிச்சிக்கினு இருப்பா."

ஞானதாஸ் அண்ணாந்து பார்த்தான். ஒரே சூரியன், வெயில் இன்னும் இறங்கவில்லை. இதுக்குக் கீழே எந்த ஊரில் அஞ்சு மணி ஆகியிருக்கும்? இன்ஜினை நிறுத்தத்தான் பொய் சொல்கிறார்.

அவர் குனிந்து கை நீட்டினார். ஞானதாஸ் அந்தக் கையைப் பிடித்துவிட்டான்.

சேரிக்காரன் கை ஒன்று அவர் மேல் பட்டது அன்றைக்குத்தான் முதல் தரம். அவர் கையை உருவிக்கொண்டார். போய், இன்ஜின் தள்ளிக்கொண்டிருந்த தண்ணீரிலேயே மணிக்கட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

"நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் வராதே." அவன் நின்ற இன்ஜின் பக்கம் அவர் மறுபடி வரவில்லை.

அவன் காதில் அது விழவில்லை. டின்னைச் சாய்த்துப் பார்த்தான். அடியில் ஒரு படி இருக்கும். அஞ்சு வரைக்கும் வருமா? அவசரத்தில் ஊற்றப் போனபோது பாதி தரையில் சிந்தியது.