தெரியவில்லை என்ற கட்டம்

கடற்கரையில் ஒரு சீல், அதாவது கடல்நாய்க் குட்டியைப் பார்த்தால் எங்கள் நோட்டில் ஒரு வரி எழுத வேண்டும். தேதி, நேரம், எத்தனையாவது வேலிக் கம்பத்துக்கு அருகில், உடம்பு எப்படி. கடைசியில் 'தாய் உடன் இருக்கிறதா?' என்ற கேள்வி, மூன்று கட்டங்கள்: ஆம், இல்லை, தெரியவில்லை. மூன்றாவதில் டிக் அடித்த தன்னார்வலரை நான் கண்டதே இல்லை. இரண்டு மணி நேரம் குளிரில் நின்றுவிட்டுத் தெரியவில்லை என்று போட்டால், அப்புறம் எதற்குப் போனாய் என்று கேட்பார்களே.

செப்டம்பரில் என் கணவர் கிளைவ் இறந்தார். டிசம்பரில், சீல்கள் குட்டி போடும் பருவத்துக்கு, தன்னார்வலர்களின் ஆரஞ்சு மேலங்கியை மாட்டிக்கொண்டு இங்கிலாந்தின் நார்ஃபோக் கடற்கரையில் நின்றேன். துக்கத்துக்கு நல்லது என்றார்கள். நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. படம் எடுக்க வேலிக் கயிற்றைத் தாண்டியவர்களைத் திட்டினேன். நாயை அவிழ்த்து விட்டவர்களைத் திட்டினேன். உள்ளே ஒன்றும் அசையவில்லை. மரத்துப்போன கால்விரல் மாதிரி இருந்தேன்.

ஒரு புதன்கிழமை மதியம் மூன்று மணிக்குப் பதினான்காம் கம்பத்தருகே வெள்ளை ரோமக் குட்டி ஒன்று கிடந்தது. பத்தடி தள்ளி ஒரு பெண் சீல். மூக்கோடு மூக்கு வைத்து மோந்தால்தான் அது தாய்; வேறு குட்டியென்றால் கடிக்க வரும். பயிற்சியின் முதல் நாளே சொல்லித் தருவது இது. மோக்கும்வரை நான் நிற்கவில்லை. எங்கள் கூடாரத்தில் சூப் சூடாக இருந்தது. 'ஆம்' என்று டிக் அடித்துவிட்டுப் போனேன். மேலே இருந்த வரிகளைப் படிக்கக்கூட இல்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு வந்தபோது குட்டி தனியாகக் கிடந்தது. கழுத்து தெரிந்தது. பால் குடிக்கும் குட்டிக்குக் கழுத்தே தெரியாது. எங்கள் குழுத் தலைவர் நெவில் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். இருபது வருஷமாக இந்த மணலில் நிற்கிற மனுஷர்.

"வாம்மா வெண்டி. இதப் பாத்தியா, எலும்பும் தோலுமா கெடக்கு. செவ்வாய் சாயங்காலத்துலேருந்து ரெண்டு தடவ 'இல்ல'ன்னு போட்டிருக்காங்க. நல்லவேளை, நேத்து மூணு மணிக்குத் தாய நீ பாத்துட்ட. கடலுக்குப் போயிருக்கும். இன்னிக்கு மூணு வரைக்கும் பொறுப்போம்."

தாயைக் காணோம் என்றால் இருபத்துநாலு மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் மீட்பு வண்டியைக் கூப்பிடுவோம். அவசரப்பட்டுத் தூக்கினால், திரும்பி வருகிற தாயிடமிருந்து பிள்ளையைப் பறித்ததாகிவிடும். என் டிக் மட்டும் இல்லாவிட்டால் புதன் சாயங்காலமே வண்டி வந்திருக்கும். என் டிக் கணக்கை முதலிலிருந்து தொடங்க வைத்துவிட்டது.

சொல்லியிருக்கலாம். 'நெவில், நான் சரியா பாக்கல.' நாலே வார்த்தை. வெட்கமாக இருந்தது. ஐந்து மணி நேரம்தானே, அதற்குள் தாய் வந்தாலும் வரும் என்று சும்மா நின்றேன்.

ஒன்றரை மணிக்குக் குட்டி தலையைத் தூக்குவதை நிறுத்தியது. நெவில் கயிற்றைத் தாண்டிப் போய் மண்டியிட்டுப் பார்த்தார்.

"போயிடுச்சு," என்றார் திரும்பி வந்து. "மனச விட்டுடாதம்மா. முறைப்படிதான் செஞ்சோம். பெத்தவளே விட்டுட்டுப் போனா நாம என்ன பண்றது?"

"அது பெத்தவதானான்னே எனக்குத் தெரியாது நெவில். மோந்து பாத்தத நான் பாக்கல. சூப் குடிக்கப் போயிட்டேன்."

அவர் கையுறையைக் கழற்றினார். மறுபடியும் மாட்டினார்.

"காலையில நான் பேசுறப்பவும் உனக்கு இது தெரியும்."

"தெரியும்."

"தெரியலன்னா தெரியலன்னு போட வேண்டியதுதான? அந்தக் கட்டத்த என்ன அழகுக்கா போட்டு வச்சிருக்கோம்?" நோட்டையும் பென்சிலையும் என்னிடம் நீட்டினார். "திருத்து."

கிளைவ் போன இந்த மூன்று மாதத்தில் என்மேல் கோபப்பட்ட முதல் ஆள். 'ஆம்' டிக்கைக் கோடு போட்டு அடித்துவிட்டு மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டேன்.

செப்டம்பரில் நர்ஸ் போனில் கேட்டாள், நோயாக இருந்த கிளைவ் சாப்பிடுகிறாரா என்று. தட்டு காலியாக இருந்தது. நன்றாகச் சாப்பிடுகிறார் என்றேன். நாலு நாளாக எல்லாவற்றையும் எங்கள் நாய்க்குப் போட்டிருக்கிறார். அவர் போன பிறகு, நாய் மேசைக்கடியில் வந்து காத்திருந்தபோதுதான் எனக்கு விளங்கியது.

நெவில் பென்சிலைக் கேட்டுக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"இன்னொண்ணும் திருத்தணும் நெவில்," என்றேன். "அது இந்த நோட்டுல இல்ல."