கைதட்டினால் நிற்கும் நாடகம்

மூன்றாம் வரிசையில் சீனித்தம்பியைக் கண்டதிலிருந்து, நடிக்க வந்த யசோதினிக்கு இருப்புக்கொள்ளவில்லை. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். இந்த மனுசனோ அத்தனை கனத்தோடும் கச்சான் கடலைக் காகிதச் சரையும் கையுமாக நாடகம் பார்க்க வந்திருக்கிறார்.

நாலு வருசத்துக்கு முன் கரடியனாற்று வீதியில், அவர் மண் ஏற்றி ஓட்டிவந்த டிப்பர் லொறி யசோதினியின் தம்பி நிதுர்ஷனை அடித்துப் போட்டுவிட்டுப் போனது. வழக்கு இன்னும் அனுமார் வாலாக நீள்கிறது. அடித்தவுடனே செத்தானா, கிடந்து செத்தானா? அவளுக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டும். நீதிமன்றத்தில் அதைக் கேட்க அவளுக்கு வாய் இல்லை. அதனால்தான் சீனித்தம்பியின் ஊருக்கு நாடகத்தைக் கொண்டுபோகச் சொல்லி முப்லிஹாவின் உயிரை எடுத்தாள். காரணத்தைச் சொல்லவில்லை.

நாடகக் குழுவை நடத்துகிற முப்லிஹா காத்தான்குடிக்காரி. அவள் நாடகத்துக்கு முடிவு கிடையாது. தம்பியைப் பறிகொடுத்த அக்காவாக வரும் யசோதினி, கொன்றவனைக் கடைவாசலில் கண்டு கத்தியை ஓங்குவாள். "சட்டம் கைவிட்டிட்டு. இப்ப நான் என்ன செய்யட்டும்?" என்று சனத்தைக் கேட்பாள். கைதட்டுகிற எவரும் மேடையேறி, அவள் சால்வையைப் போட்டு அக்காவாக நடிக்கலாம். அப்போது யசோதினி கொன்றவனாக மாற வேண்டும். அதுதான் விதி. பதினொரு ஊரில் அக்காமார் வெட்டினார்கள், மன்னித்தார்கள், பொலிசுக்குப் போனார்கள். அவளுக்கு எதிலுமே மனம் ஆறவில்லை.

இன்றும் கத்தியை ஓங்கிக் கேட்டாள்.

கைதட்டியது சீனித்தம்பி.

"மாறு புள்ள," என்றாள் ஒன்றும் அறியாத முப்லிஹா. மேடையேறி வந்தவரிடம் யசோதினி சால்வையையும் தகரக் கத்தியையும் கொடுத்தாள். அவர் கையில் கச்சான் சரை பிரிக்கப்படாமலே கசங்கிக் கிடந்தது.

"என்ட தம்பிய ஏன் விட்டிட்டுப் போன நீ?" என்று கேட்டார், சால்வையைப் போட்ட சீனித்தம்பி.

நாலு வருசமாக அவள் கேள்வியை மட்டும்தான் மனப்பாடம் செய்திருந்தாள்.

"பயந்திட்டன்," என்றாள். சொன்ன வாயைக் கிழிக்க வேண்டும் போலிருந்தது.

"இறங்கிப் பாத்த நீதானே? அவன் தண்ணி கேட்டான். போத்தல் உன்ட சீற்றிலதான் கிடந்த. ஏன் குடுக்கல்ல?"

நாடகத்தில் அப்படியொரு வசனமே இல்லை. கொன்றவனாக நின்ற யசோதினிதான் பதில் சொல்ல வேண்டும். அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அவரும் அந்தப் பதிலுக்குத்தான் காத்துக்கொண்டு நின்றார்.

பிறகு சீனித்தம்பி சால்வையைக் கழற்றி அவள் தோளில் போட்டார். கத்தியின் பிடியை அவள் பக்கம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். அவர் இறங்கிப் போகாமல் அங்கேயே நின்றார்.

யசோதினி சனத்தின் பக்கம் திரும்பினாள்.

"இப்ப நான் என்ன செய்யட்டும்?"

ஒருவரும் கைதட்டவில்லை.